தங்கம் எடுத்த குழியில் அணுக்கழிவா? கொதித்து எழுந்த கோலார் தங்கவயல்!

அடுப்பில் விறகு எரிந்தால் சாம்பலைக் குப்பையில் கொட்டி விடலாம். அணு உலையில் எரிந்த யுரேனியத்தை எங்கே கொட்டுறது? இந்தக் கேள்வி 2012-ம் ஆண்டு நவம்பர் மாதம் கோலார் தங்கவயலையே ஒரு உலுக்கு உலுக்கி விட்டது.

கூடங்குளம் அணுமின் நிலையம் பற்றி "பூவுலகின் நண்பர்கள்" சுந்தர்ராஜன் தொடர்ந்த வழக்கு அப்போது டெல்லி சுப்ரீம் கோர்ட்டில் நடந்து கொண்டிருந்தது. எரிந்து முடிந்த எரிபொருளை என்ன செய்யப் போகிறீர்கள் என்ற கேள்வி எழுந்தது. மூடிக் கிடக்கும் கோலார் தங்கச் சுரங்கம் போன்ற இடத்தில் ஆழமாகப் புதைக்கலாம் என்று பதில் வந்தது.

அவ்வளவுதான்! செய்தி பரவியதும் ஊரே பதறியது.

ஏற்கனவே பட்ட ஊர்

தமிழ்நாட்டில் இருந்து பிழைக்கப் போன தொழிலாளர்களின் வாரிசுகள் ஏராளமாக வாழும் ஊர் அது. தாத்தாவும் அப்பாவும் 3 கிலோ மீட்டர் ஆழம் வரை இறங்கித் தங்கம் எடுத்தார்கள். 2001-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந்தேதி சுரங்கத்துக்குப் பூட்டு விழுந்தது. வேலை போச்சு. ஊருக்கு மிஞ்சியது மலை மலையாகக் குவிந்த சயனைடு மண் மேடுகள்தான். காற்று அடித்தால் தூசி வீட்டுக்குள் வரும். பிள்ளைகள் விடியற்காலையில் ரெயிலைப் பிடித்துப் பெங்களூருக்கு வேலைக்கு ஓடுகிறார்கள்.

"இந்தத் தலையில் இன்னொரு கழிவா?" என்று எதிர்ப்பு கிளம்பியது. கோலாரில் அணுக்கழிவைக் கொட்டும் திட்டமே இல்லை என்று மத்திய அரசு அவசரமாக மறுத்தது. அங்கே முன்பு நடந்தது, சூட்டைப் பாறை எப்படித் தாங்குகிறது என்று பார்த்த சோதனை மட்டுமே என்று விளக்கம் வந்தது.

ஆறவே ஆறாது

இவ்வளவு பயம் ஏன்? உலையை விட்டு எடுத்த பிறகும் இந்த எரிபொருளின் கொதிப்பு அடங்காது. பல வருடம் தண்ணீர்த் தொட்டியில் போட்டு வைக்க வேண்டும். அதில் உள்ள புளூட்டோனியத்தின் வீரியம் பாதியாகக் குறையவே சுமார் 24 ஆயிரம் ஆண்டு பிடிக்கும்!

1988-ல் கூடங்குளம் ஒப்பந்தம் போட்டபோது, சோவியத் ரஷியாவே இதைத் திரும்ப எடுத்துக் கொள்வதாக ஏற்பாடு. பிறகு அது மாறி, இந்தியாவிலேயே வைப்பது என்றாகி விட்டது. "இது குப்பை இல்லை, சொத்து. பிரித்து எடுத்து மறுபடி எரிக்கலாம்" என்பது அணுசக்தித் துறையின் வாதம். ஆனால் பிரித்த பிறகும் கடும் கழிவு மிஞ்சும். அதற்கும் குழி வேணுமே!

ஊரைக் கேட்ட நாடு

பின்லாந்து நாட்டில் 4 ஊர்களைக் கடைசி வரை ஆராய்ந்தார்கள். வேண்டாம் என்று தடுக்கும் உரிமை ஊராட்சிக்கே உண்டு. 2000-ம் ஆண்டு யூராயோக்கி ஊராட்சி மன்றத்தில் ஓட்டெடுப்பு நடந்தது. 20 பேர் சரி என்றார்கள். 7 பேர் எதிர்த்தார்கள். மறு ஆண்டு பாராளுமன்றமும் ஒப்புதல் தந்தது. செம்புக் குப்பியில் அடைத்து, சுற்றிலும் களிமண் திணித்து, 400 மீட்டருக்கும் கீழே பாறைக்குள் புதைக்க அங்கே சுரங்கம் குடைந்து விட்டார்கள்.

இங்கே என்ன நிலைமை? நிரந்தரமாகப் புதைக்கும் இடத்தை விரைவில் அமைக்க வேண்டும் என்று 2013-ம் ஆண்டு மே 6-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. அந்த இடம் இன்னும் முடிவாகவில்லை. இடைக்காலமாகக் கூடங்குளம் வளாகத்திலேயே சேமிக்கும் திட்டம் பற்றி, 2019-ம் ஆண்டு ஜூலை 10-ந்தேதி ராதாபுரத்தில் மக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம் அறிவித்தார்கள். எதிர்ப்பு கிளம்பவே அதையும் தள்ளி வைத்தார்கள்.

கரண்டு எல்லாருக்கும் வேணும். சாம்பல் யாருக்கும் வேணாம். கோலார் இல்லை என்றால் நாளை வேறு ஒரு ஊரின் பெயர் வரும். அந்த ஊருக்கு விஷயம் கோர்ட்டு செய்தியைப் படித்துத்தான் தெரிய வேண்டுமா?