சிறுகதைகள் நாவலாகும்போது

ஏற்கெனவே பத்திரிகைகளில் வெளிவந்த சிறுகதைகளைக் கொண்டு ஒரு நாவலைப் படைக்கலாமா? மலையகத்தில் எழுத முனைவோர் பலரிடம் உள்ள வினா இது. படைக்கலாம். ஆனால் கதைகளை வரிசையாக அடுக்கிவிட்டால் அது நாவலாகிவிடாது.

தமிழில் இதற்குச் சிறந்த சான்று ஜெயகாந்தன். 1966 இல் ஆனந்த விகடனில் வந்த அவரது 'அக்கினிப் பிரவேசம்', மழை நாளில் அந்நியனின் காரில் ஏறி, அவனால் கெடுக்கப்பட்டு வீடு திரும்பும் மாணவியின் கதை. தாய் அவள் தலையில் நீரூற்றி, அவள் தூய்மையானவளே எனத் தேற்றுகிறாள். கதை அத்துடன் முடிகிறது. தாய் அவ்வாறு நடவாமல் ஊர் கேட்க அலறியிருந்தால்? அந்த வினாவிலிருந்தே 'சில நேரங்களில் சில மனிதர்கள்' பிறந்தது. கங்கா அண்ணனால் வீட்டை விட்டுத் துரத்தப்படுகிறாள். பழைய சிறுகதையும் நாவலுக்குள் ஆர்.கே.வி. எழுதிய கதையாக இடம்பெறுகிறது. ஜெயகாந்தன் கதையை நீட்டவில்லை. அதன் முடிவைத் திருப்பிப் போட்டார். 1972 இல் அந்நாவல் சாகித்திய அக்கடமிப் பரிசு பெற்றது.

அமெரிக்க எழுத்தாளர் வில்லியம் போக்னரும் சஞ்சிகைகளில் வந்த தம் கதைகளைத் திருத்தி, இறுதியில் புதிய கதையொன்றைச் சேர்த்து, 1938 இல் ஒரு நாவலாக்கினார்.

நம் மலையகத்திலும் இதற்கு வளமான மூலப்பொருள் உண்டு. தெளிவத்தை ஜோசப்பின் 'நாமிருக்கும் நாடே', என்.எஸ்.எம். ராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' போன்ற தொகுதிகளைப் படிப்போர், ஒரே லயத்து மாந்தர் கதைக்குக் கதை எழுந்து வருவதாகவே உணர்வர். லயமும் பிரட்டுக்களமும் கொழுந்து மடுவமும் கதைகளை இயல்பாகவே இணைக்கின்றன.

எனினும் காலத்தில் கவனம் வேண்டும். 1948 இல் குடியுரிமை பறிபோனது. 1964 ஒப்பந்தம் குடும்பங்களைப் பிரித்தது. 1975 இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் நிர்வாகம் மீண்டும் தனியாரிடம் சென்றது. வெவ்வேறு காலத்தில் எழுதிய இரு கதைகளின் கங்காணியை ஒருவராக்கினால், அவர் வயதும் கணக்கில் நிற்க வேண்டும். அவர் அஞ்சும் அதிகாரமும் அந்தந்தக் காலத்ததாக இருக்க வேண்டும்.

ஒவ்வொரு சிறுகதையும் தனக்கென ஒரு முடிவுடையது. பத்துக் கதைகளைச் சேர்த்தால் வாசகன் பத்துத் தடவை நின்று நின்று நடக்கிறான். ஆகவே சில முடிவுகளை வெட்டி, மறுநாள் விடியலில் அம்மாந்தர் எவ்வாறு மலையேறினர் என்பதை எழுத வேண்டும். அதேவேளை மூலக் கதைகளையும் அவை வெளிவந்த திகதியோடு பேணி வைத்தல் நன்று. நாவல் தோற்றாலும் அக்கதைகள் எஞ்சும்.