ஏற்றத்தில் இளைக்கும் டீசல் வண்டி

சமதரையில் குறையேதுமின்றி ஓடும் டீசல் மோட்டார் வண்டியொன்று, ஏற்றத்தைக் கண்டதும் இளைத்துவிடுகின்றது. மிதியை எவ்வளவு அழுத்தினாலும் வேகம் கூடுவதில்லை. பின்னால் கரும்புகை மட்டும் எழுகின்றது. கராச்சுக்குக் கொண்டுசென்றால், "டேர்போ போய்விட்டது, புதியது போடவேண்டும்" என்ற தீர்ப்பு பெரும்பாலும் உடனே கிடைத்துவிடும். அத்தீர்ப்புச் சரியாகவும் இருக்கலாம். ஆயினும், இறப்பர்க் குழாயொன்றின் வெடிப்புக்காகப் பெருவிலைக் கருவியைக் கழற்றி எறிந்துவிட்டு, பின்னரும் அதே ஏற்றத்தில் நின்று திகைத்தவர்கள் பலர்.

டேர்போ என்பது யாது? எஞ்சினிலிருந்து வீணே வெளியேறும் சூடான புகை ஒரு சிறு சில்லைச் சுழற்றுகின்றது. அதே தண்டின் மறுமுனையிலுள்ள இன்னொரு சில்லு வெளி வளியை இழுத்து அமுக்கி எஞ்சினுக்குள் செலுத்துகின்றது. வளி மிகுந்தால் கூடுதலான டீசல் முழுமையாக எரியும், வலு மிகும். சுவிற்சர்லாந்துப் பொறியியலாளரான அல்பிரட் பூஹி என்பார் 1905ஆம் ஆண்டிலேயே இவ்வெண்ணத்துக்குக் காப்புரிமை பெற்றார். எனினும், டேர்போ பூட்டிய டீசல் எஞ்சின் பயணிகள் காருக்குள் வந்தது 1978இல், மேசெடிஸ் பென்ஸ் 300 எஸ்டி என்னும் வண்டியுடனேயாம். இன்றைய சிறு காரிலோ இத்தண்டு நிமிடத்துக்கு ஒன்றரை இலட்சம் தடவைக்கு மேலும் சுழலவல்லது. அமுக்கப்பட்ட வளி சூடேறுமாதலால், இன்டர்கூலர் என்னும் குளிராக்கியினூடாகச் சென்றே உருளைகளை அடைகின்றது. எஞ்சின் முழு வலுவுடன் இழுக்கும்போது இக்குழாய்களுக்குள் உள்ள அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தைப் போல் ஏறத்தாழ இருமடங்காக இருக்கும். பழைய குழாயின் வெடிப்பு நின்ற நிலையில் மூடியிருந்து, ஏற்றத்தில் மட்டும் வாய்திறப்பது இதனாலேதான்.

நோயை அறிய முற்படுமுன் ஒன்றைப் பிரித்தறிதல் வேண்டும். அமுக்கம் குறைவதும் பிழை, மிகுவதும் பிழை. எஞ்சினைக் காக்கும் கணினி முன்னதற்குப் பி 0299 என்றும், பின்னதற்குப் பி 0234 என்றும் குறியீடு எழுதிவைக்கும். அமுக்கம் மிகும்போது அது டீசலின் அளவைக் குறைத்துவிடுவதால் வண்டி திடீரெனச் சோர்கின்றது. சாவியை அணைத்து மீண்டும் இயக்கினாலோ பழைய வலு திரும்பிவிடுகின்றது. இதைக் கண்டு, பேய் பிடித்தது போல என்று சொல்வாரும் உளர். ஆனால் குறியீடு நோயின் பெயரைச் சொல்லுமேயன்றி இடத்தைச் சொல்லாது.

முதலிற் செலவில்லாத சோதனைகளைச் செய்க. எஞ்சினை இயக்காமற் சாவியை மட்டும் திருப்பி, அமுக்க உணரி காட்டும் அளவைக் கருவியில் வாசியுங்கள். கொழும்பிலே அது 100 கிலோபஸ்கால் அளவிலும், நுவரெலியாவிலே 80 அளவிலும் இருத்தல் வேண்டும். பெரிதும் மாறுபட்டால், கரி படிந்த உணரியே பொய் சொல்கின்றது. அடுத்து வளி வடிகட்டியைப் பாருங்கள். பின்னர் இன்டர்கூலர்க் குழாய்களையும் அவற்றின் கிளிப்புகளையும் விரலால் தடவிப் பாருங்கள். குழாயின் உள்ளே மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இருப்பது இயல்பே; வெளியே ஓரிடத்தில் ஈரமாக எண்ணெய் படிந்திருப்பின் வளி கசியும் இடம் அதுவாக இருக்கலாம். சவர்க்கார நீர் பூசி, தாழ்ந்த அமுக்கத்தில் வளி செலுத்தினால் குமிழி காட்டிக்கொடுக்கும்.

பல கார்களில் டேர்போவின் சூடான சில்லைச் சுற்றி அசையும் மடல்கள் உண்டு. இவற்றைத் திருப்பும் நெம்புகோலை வெற்றிடத்தால் இயங்கும் ஒரு சவ்வுப் பெட்டி இழுக்கின்றது. இதற்கான மெல்லிய இறப்பர்க் குழாய்கள் எஞ்சின் சூட்டில் வறண்டு வெடிப்பது மிகச் சாதாரணம். அவ்வாறு வெடித்தால் அமுக்கம் குறையும். கையாலியக்கும் வெற்றிடப் பம்பியைச் சவ்வுப் பெட்டியில் இணைத்து இழுத்துப் பாருங்கள். தண்டு தடையின்றி முழுத் தூரமும் சென்று, விட்டதும் சீராக மீளவேண்டும். வெற்றிடம் நில்லாது இறங்கினால் சவ்வு கிழிந்துள்ளது. தண்டு இடையில் இறுகினால் மடல்களிற் கரி பிடித்துள்ளது. நகரத்துக்குள் குறுந்தூரம் மட்டுமே ஓடும் வண்டிகளுக்கு இக்கரி நோய் அதிகம். டேர்போவைக் கழற்றி, உறைகளின் நிலையை அடையாளமிட்டுப் பிரித்து, மடல் வளையத்தைத் துப்புரவு செய்தால் பெரும்பாலும் குணமாகும். அங்குள்ள எல்லைத் திருகாணியை மட்டும் திருப்பலாகாது.

இவை யாவும் நன்றாயிருப்பின், குளிர்ந்த எஞ்சினிலே வளி புகும் குழாயைக் கழற்றித் தண்டை விரலால் அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் மயிரளவு அசைவு இயல்பு; ஓடும்போது அவ்விடைவெளியை எண்ணெய்ப் படலம் நிரப்பும். முன்பின்னாகக் கைக்குத் தெரியும் அசைவோ, இதழ்கள் உறையில் உராய்ந்த தழும்போ இருப்பின் டேர்போ தேய்ந்துவிட்டது. நீலப் புகை வந்து எண்ணெயும் குறைந்துவந்தால் வண்டியை ஓட்டவே வேண்டாம். தேய்ந்த டேர்போவினூடாக எண்ணெய் உருளைகளுக்குட் பாய்ந்தால், டீசல் எஞ்சின் அதையே எரித்துக் கட்டின்றி ஓடத்தொடங்கும். சாவியை அணைத்தாலும் நில்லாது. கையாற் கியர் மாற்றும் வண்டியாயின், பிறேக்கை இறுக மிதித்து, உயர்ந்த கியரில் இட்டு, கிளச்சை விட்டு எஞ்சினைத் திணறச் செய்யலாம். அது கைகூடாவிடின் எல்லோரும் இறங்கி விலகுவதே தகும். வளிக்குழாயைக் கையால் அடைக்க முயலலாகாது.

புதிய டேர்போ பூட்டுபவர்கள், பழையது ஏன் அழிந்ததென்று கேட்காமல் விட்டால் புதியதும் விரைவில் அழியும். பெரும்பாலான வேளைகளில் குற்றவாளி எண்ணெயே. எண்ணெய் கொண்டுவரும் ஒடுங்கிய குழாய் கரியால் அடைபட்டிருக்கும், அதை மாற்றவேண்டும். இன்டர்கூலரில் தங்கிய எண்ணெயையும் உலோகத் துணுக்குகளையும் அகற்றி, புதிய எண்ணெயும் வடிகட்டியும் இடவேண்டும். டேர்போவின் எண்ணெய்த் துவாரத்தில் சிறிது எண்ணெய் வார்த்தபின், டீசல் செல்லாதபடி தடுத்து எஞ்சினைச் சுற்றவிட்டு, எண்ணெய் அமுக்கம் ஏறியதும் இயக்குக. முதற் சில நிமிடங்கள் எஞ்சின் தானே மெதுவாக ஓடட்டும். அதுவரை மிதியிற் கால் வைக்கவேண்டாம்.