கம்பெனி டெஸ்ட்டில் பாஸான கண்ணிலும் க்ளாக்கோமா இருக்கலாம்!

"சுவர்ல மாட்டின அட்டையில கடைசி வரி வரைக்கும் படிச்சுட்டேன் டாக்டர். என் கண்ணுக்கு ஒரு குறையும் இல்ல!"

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், சுங்குவார்சத்திரம் பகுதித் தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பவர்களிடம் நான் அடிக்கடி கேட்கும் வார்த்தை இது. வருடாந்திரப் பரிசோதனையில் கண் 'பாஸ்' என்றால் அவர்களுக்கு நிம்மதி. ஆனால், அந்த அட்டைக்குச் சிக்காத நோய் ஒன்று உண்டு. அதுதான் க்ளாக்கோமா என்கிற கண்நீர் அழுத்த நோய்.

சித்த வைத்தியர் எழுதுகிறாரே, ஏதாவது மூலிகை சொல்வார் என்று எதிர்பார்க்கிறீர்களா? இந்த நோய்க்கு நீங்கள் முதலில் போகவேண்டிய இடம் என் வைத்தியசாலை அல்ல, கண் மருத்துவமனை. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஏன் தெரிவதில்லை?

கண்ணுக்குள்ளே தெளிவான நீர் ஒன்று ஓயாமல் சுரக்கிறது. கண்ணீர் வேறு, இது வேறு. கருவிழியின் விளிம்பில் இருக்கும் சல்லடை போன்ற பாதை வழியாக இது வடிந்துவிடும். வடிகால் அடைத்தால் அழுத்தம் ஏறும். கண்ணின் பின்புறமுள்ள பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாக நசியும்.

சாதாரண அழுத்தம் 10 முதல் 21 மி.மீ. பாதரசம். சிலருக்கு 21-க்குக் கீழே இருந்தும் நரம்பு கெடுவதுண்டு. அதனால் அழுத்தத்தை மட்டும் பார்த்தால் போதாது.

முதலில் போவது பக்கவாட்டுப் பார்வை. நேர்ப் பார்வை கடைசி வரை இருக்கும். ஒரு கண்ணின் குறையை மறு கண் மறைத்துவிடும். வலி இல்லை, சிவப்பு இல்லை. எழுத்துக்களைக் கடகடவென்று படித்துவிடலாம்! ஆனால், வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் பக்கத்தில் வரும் வண்டி கண்ணில் படாது.

சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டக் கிராமங்களில் 40 வயதைத் தாண்டிய 3,934 பேரைப் பரிசோதித்தார்கள். 2005-ல் வெளியான அந்த ஆய்வில் 64 பேருக்கு இந்த நோய் இருந்தது. அவர்களில் 98.5 சதவிகிதம் பேருக்கு அது அதுவரை தெரியாது. இது எங்கோ நடந்த கதை அல்ல, நம்ம பக்கத்துக் கணக்கு!

யாருக்கு வரலாம்?

நாற்பது வயதைத் தாண்டியவர்கள், பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ இந்த நோய் உள்ளவர்கள், சர்க்கரை நோயாளிகள், அதிக மைனஸ் பவர் கண்ணாடி போடுபவர்கள், எப்போதோ கண்ணில் பலமாக அடிபட்டவர்கள்... இவர்கள் எல்லாம் உஷாராக இருக்கவேண்டும்.

இன்னொரு கூட்டமும் உண்டு. வெல்டிங் வெளிச்சம் பட்டோ, தூசி விழுந்தோ கண் சிவந்தால், "போன தடவை கொடுத்த சொட்டு மருந்தையே குடுங்க" என்று மெடிக்கல் ஷாப்பில் வாங்குகிறவர்கள். அதில் டெக்ஸாமெதஸோன், பீட்டாமெதஸோன் போன்ற ஸ்டீராய்டு இருக்கலாம். மறுநாளே சிவப்பு மறையும். வாரக்கணக்கில் போட்டால் சிலருக்குக் கண் அழுத்தம் ஏறிவிடும். கண் அரிப்புக்காகக் குழந்தைக்கு இதைப் போட்டுவிடும் தாய்மார்களே, டாக்டர் சொன்ன நாட்களுக்கு மேல் ஒரு சொட்டும் வேண்டாம்!

வலியோடு வந்தால்...

இந்த நோயில் திடீரென்று தாக்கும் வகை ஒன்று உண்டு. கண் சிவந்து, தாங்கமுடியாத கண்வலி, தலைவலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வானவில் மாதிரி வளையம். இதைப் பித்தம் என்று நினைத்துச் சுக்குப் பற்றுப் போட்டுக்கொண்டு படுக்காதீர்கள். அன்றைக்கே கண் மருத்துவரிடம் போகவேண்டும். தாமதித்தால் பார்வை பறிபோகலாம்.

என்ன சிகிச்சை?

போன பார்வையை எந்த வைத்தியமும் திருப்பித் தராது. இருப்பதைக் காப்பாற்றுவதுதான் சிகிச்சை.

பெரும்பாலும் சொட்டு மருந்தில் தொடங்குவார்கள். இரவில் ஒரு வேளை மட்டும் போடும் மருந்தும் உண்டு. ஆஸ்துமாவோ, இதயத் துடிப்புக் குறைவோ இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். டிமோலால் என்ற மருந்து அவர்களுக்கு ஆகாது. சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரத்தில் இரண்டு நிமிடம் விரலால் அழுத்திக்கொள்ளுங்கள். இரண்டு மருந்துகள் இருந்தால் ஐந்து நிமிட இடைவெளி விடுங்கள். நைட் ஷிஃப்ட் மாறினாலும் சொட்டு தவறக்கூடாது.

லேசர் சிகிச்சையும் உண்டு. 2019-ல் வெளியான இங்கிலாந்து ஆய்வில், முதலில் லேசர் செய்துகொண்டவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்கு மூன்றாண்டு வரை சொட்டு மருந்தே தேவைப்படவில்லை. திடீரென்று தாக்கும் வகைக்கு லேசரால் கண்ணுக்குள் நுண்ணிய துளை போட்டு நீருக்கு வழி செய்வார்கள். இவற்றுக்கெல்லாம் அடங்காவிட்டால் அறுவை சிகிச்சை. நீர் வடியப் பொருத்தும் சிறு கருவியை மதுரை ஆரோலேப் நிறுவனமே தயாரிக்கிறது.

சித்த மருத்துவம் என்ன சொல்கிறது?

கண் நோய்களைத் தொண்ணூற்றாறு என்று வகுத்த மருத்துவம் எங்களுடையது. அந்தப் பெருமை எனக்கும் உண்டு. ஆனாலும் சொல்கிறேன்: "மூலிகையிலேயே சரியாயிடும், சொட்டு மருந்தை நிறுத்திடுங்க" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். தேன், வெங்காயச்சாறு, நந்தியாவட்டைச்சாறு எதையும் கண்ணில் விடாதீர்கள். ஊமத்தை சேர்ந்த மருந்து பாப்பாவை விரியச் செய்யும். வடிகால் குறுகிய கண்ணில் ஆபத்து. சிரசாசனம் கண் அழுத்தத்தை இரட்டிப்பாக்கும். இந்த நோயாளிகளுக்கு வேண்டவே வேண்டாம். வேறு உபாதைக்குச் சித்த மருந்து சாப்பிடுவதானால் இரண்டு வைத்தியர்களிடமும் சொல்லிவிடுங்கள்.

இனி நீங்கள் செய்யவேண்டியது

ஈ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் அதன் மூலம் கண் மருத்துவரைப் பாருங்கள். இல்லாவிட்டால் 1819-ல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது. "கண் அழுத்தம், பார்வை நரம்பு, பக்கவாட்டுப் பார்வை மூணையும் பாருங்க" என்று கேளுங்கள். வீட்டில் ஒருவருக்கு நோய் தெரிந்தால் அண்ணன், தம்பி, அக்கா, தங்கை, பிள்ளைகள் எல்லோரையும் அழைத்துப் போங்கள். வாய்விட்டு அழாத நோய் இது. நாம்தான் தேடிப்போய்க் கண்டுபிடிக்கவேண்டும்.