தீவகத்துக்கு எந்தப் பேஸர்?

யமஹா பேஸர் ஒன்று வாங்குவோம் என்று வாய் திறந்தால் போதும், யாழ்ப்பாணத்தில் ஆலோசனைக்குப் பஞ்சமில்லை. தேத்தண்ணிக் கடை, கராஜ், கோயில் வீதி என்று எங்கே போனாலும் இரண்டு கட்சி. “முதல் வந்ததை எடு தம்பி, அது கல்லு எஞ்சின்” என்பது ஒரு கட்சி. “வேர்ஷன் ரூவை எடு, பெற்றோல் மிச்சம்” என்பது மற்றக் கட்சி. இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டு கட்சியும் நகரத்துக்குள் இருந்துகொண்டு கதைக்கின்றன. வாங்குகிறவர் வேலணையிலோ ஊர்காவற்றுறையிலோ நெடுந்தீவிலோ இருந்தால் கணக்கு வேறு மாதிரி வரும்.

முதலில் வண்டி. இந்தியாவில் 2008இல் எப்.இஸட் 16 வந்தது. மறு வருடமே அதே எஞ்சினுக்கும் சட்டத்துக்கும் மேலே பாதி முகப்புக் கவசமும் இரட்டை விளக்கும் வைத்து, தூர ஓட்டத்துக்கென்று பேஸரை இறக்கினார்கள். 153 சிசி, காபரேட்டர், 14 குதிரைவலு. 2014இல் இரண்டாம் தலைமுறை, அதாவது வேர்ஷன் ரூ, வந்தது. எஞ்சின் 149 சிசியாகச் சுருங்கியது, வலு 13.1 ஆனது, காபரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்தது. எடை 141 கிலோவிலிருந்து 137 ஆக இறங்கியது. ஒரே நீளமாய் இருந்த இருக்கை இரண்டாகப் பிளந்தது. ஐரோப்பாவில் தூர ஓட்ட வண்டி என்றால் 1300 சிசி எப்.ஜே.ஆர். போன்ற யானைகளைத்தான் சொல்வார்கள். நமக்கு 150 சிசியே கொழும்புக்குப் போய் வரப் போதும்.

புதிதாக வாங்கலாமே என்று கேட்பவர்களுக்கு: 150 சிசி பேஸர் இப்போது உற்பத்தியில் இல்லை. அதோடு 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி கதவு திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் இலங்கையில் ஓடிக் களைத்த வண்டிகளுக்கும் மவுசு ஏறிவிட்டது. பத்து வருடம் ஓடிய வண்டிக்கு, அது புதிதாய் இருந்தபோது கொடுத்ததை விடக் கூடக் கேட்டவர்களும் உண்டு. வரியோடு வருகிற புது வண்டியின் விலையைப் பார்த்தவர்கள் மறுபடி பழையதிடமே திரும்புகிறார்கள்.

இப்போது தெருவுக்கு வருவோம். யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைத் தாம்போதி, மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை வங்களாவடி, அதன்பின் புங்குடுதீவுக்கான நீண்ட தாம்போதி, மடத்துவெளி, கடைசியில் குறிகட்டுவான் இறங்குதுறை. சுமார் 30 கிலோமீற்றர். இதில் நல்ல பங்கு இரு புறமும் கடல். சோளகம் தொடங்கினால் காற்று பக்கவாட்டில் வந்து அறையும். பேஸரின் கவசம் முன்னால் வருகிற காற்றை நெஞ்சில் படாமல் ஒதுக்கும், அது உண்மை. பக்கக் காற்றில் அதே கவசம் பாயாகிவிடும். இந்த விடயத்தில் இரண்டு தலைமுறைக்கும் பெரிய வேறுபாடில்லை. இரண்டிலும் பின்னால் 140 அளவு அகல ரயர் இருப்பதால் தாம்போதியில் பயமில்லாமல் பிடித்துக்கொண்டு போகலாம், அவ்வளவுதான்.

வேறுபாடு உப்பில்தான் தொடங்குகிறது. காற்றோடு வருகிற கடற்துளி வண்டியின் மேல் காய்ந்து, வெள்ளைப் பூச்சாக நிற்கும். கழுவலாம் என்றால் தீவகத்துக் கிணறுகளில் பாதி உவர். உப்பை உப்பால் கழுவுகிற கதை. ஆகவே தீவில் நின்ற வண்டியைப் பார்க்கப் போகிறவர் தலைமுறையைக் கேட்க முதல் குந்தியிருந்து கீழே பார்க்கவேண்டும். முன் ஷொக்கின் பளபளக்கும் குழாயில் ஊசிமுனை அளவில் கறுத்த புள்ளிகள் இருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பாருங்கள். பேஸரில் அது 41 மில்லிமீற்றர் தடித்த குழாய், நல்ல சாமான். ஆனாலும் உப்புப் புள்ளி விழுந்துவிட்டால் ஒவ்வொரு குழியிலும் அது ஓயில் சீலைச் சுரண்டிக்கொண்டே இருக்கும். சீல் மாற்றினாலும் கொஞ்ச நாளில் மறுபடி ஓயில் கசியும். பிறகு இருக்கையைக் கழற்றி வயர்கள் சேருகிற சொக்கற்றுகளைப் பிரித்துப் பாருங்கள். செம்பில் பச்சை பூத்திருந்தால், முதல் தலைமுறையில் அதை மண்ணெண்ணெயும் பழைய பல்துலக்கியும் கொண்டு ஒப்பேற்றலாம். இரண்டாம் தலைமுறையில் அந்தச் சொக்கற்றுகள் வழியாகத்தான் எஞ்சினுக்கு எவ்வளவு பெற்றோல் என்ற கட்டளையே போகிறது. பச்சை பூத்த இடத்தில் வண்டி சில நாள் ஓடும், சில நாள் ஓடாது. ஏனென்று கண்டுபிடிக்க நகரத்துக்குத்தான் கொண்டுபோகவேண்டும்.

அப்படியானால் காபரேட்டர் கட்சிக்கே வெற்றியா? அந்தக் கட்சி இங்கே ஏன் இத்தனை பலமாய் இருக்கிறது என்பதற்கு ஒரு வரலாறும் உண்டு. 1990களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் குடாநாட்டு வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களும் ஹொண்டா எம்.டி. 90களும் புகை கக்கிக்கொண்டு அப்படித்தான் பிழைத்தன. அந்தக் காலத்து மெக்கானிக்குகள் காபரேட்டரைக் கண்ணைக் கட்டிக்கொண்டு கழற்றிப் பூட்டுவார்கள். அவர்களிடம் தொழில் படித்தவர்களே இன்றும் சந்திக்குச் சந்தி கராஜ் வைத்திருக்கிறார்கள். இன்ஜெக்‌ஷன் என்றதும் அவர்கள் முகம் சுளிப்பதில் ஆச்சரியமில்லை. அந்த எஞ்சினை மண்ணெண்ணெய் காட்டி ஏமாற்ற முடியாது.

ஆனால் 2022ஐயும் மறக்கக்கூடாது. எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர். அந்த ஓகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாவுக்குத் தாவியது. அந்தப் பழைய வித்தையும் அதோடு சரி. முதல் தலைமுறைப் பேஸர் லீற்றருக்கு 40 கிலோமீற்றர் அளவில் போகும் என்று வையுங்கள், 4 லீற்றருக்கு 160. குறிகட்டுவானிலிருந்து நகரத்துக்குப் போய்வர 60க்கு மேல். வாரத்தில் இரண்டு தடவை போய் வரலாம், மூன்றாம் தடவை நடுத்தாம்போதியில் நிற்கவேண்டி வரும். இரண்டாம் தலைமுறை 48 தந்தால் 192. மூன்று தடவைக்கு மட்டுமட்டாய்க் காணும். நகரத்தில் வேலை செய்கிற தீவக ஆளுக்கு இந்த ஒரு தடவை வித்தியாசம் சின்ன விடயமில்லை. தட்டுப்பாடு போய்விட்டது, பெற்றோல் விலை அப்படிப் போய்விடவில்லை.

இன்னொரு சங்கதி, போத்தல் பெற்றோல். எரிபொருள் நிலையம் தூரமான இடங்களில் கடைகளில் போத்தலில் வாங்கி ஊற்றுவது வழக்கம். அதில் தண்ணீர் கலந்திருந்தால் காபரேட்டருக்கு அடியில் இருக்கிற சின்ன ஆணியைத் தளர்த்தி, ஒரு சிரட்டையில் வடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். இன்ஜெக்‌ஷனில் பம் ராங்குக்குள் இருக்கிறது. ராங்கைக் கழற்றாமல் கதை முடியாது. பற்றரி படுத்துவிட்டால் பம்மும் படுத்துவிடும். தள்ளி ஸ்ராட் பண்ணுகிற பழைய வீரமெல்லாம் அங்கே எப்போதும் பலிக்கும் என்றில்லை.

தீவகத்துக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது: வெளிநாட்டுக்காரரின் வண்டி. புங்குடுதீவுக்காரர் பாதிப் பேர் கனடாவிலும் பிரான்சிலும் சுவிஸிலும் இருக்கிறார்கள். திருவிழாவுக்கு வந்து நிற்கிற மாதத்தில் ஓடுவதற்கென்று ஒரு வண்டி வாங்குவார்கள், போகும்போது கொட்டிலில் விட்டுப் போவார்கள். சில வருடம் கழித்து மருமகன் விற்பார். “அண்ணை, வெளிநாட்டுக்காரற்ற சைக்கிள், ஓட்டமே இல்லை.” மீற்றரும் அதையே சொல்லும். ஆனால் நின்ற வண்டியில் பெற்றோல் ஆவியாகிப் போன இடத்தில் பிசின் மாதிரி ஒன்று படிந்து காபரேட்டர் ஜெற்றின் துளையை அடைத்திருக்கும். பாதி ராங்கோடு நின்றால் உள்ளே துரு பிடித்திருக்கும். ராங் மூடியைத் திறந்து ரோச் அடித்துப் பாருங்கள். உள்ளே செம்மண் நிறம் தெரிந்தால் முதல் தலைமுறைக்குக் கொஞ்சம் செலவு, இரண்டாம் தலைமுறைக்குப் பெருஞ்செலவு, ஏனென்றால் அந்தத் துருவைக் குடிப்பது பம்மும் இன்ஜெக்டரும். கண்டியிலோ குருநாகலிலோ தினமும் ஓடி, ஏ9 வழியாக வந்து சேர்ந்த அதிக கிலோமீற்றர் வண்டி, தீவில் ஓடாமல் நின்ற குறைந்த கிலோமீற்றர் வண்டியை விட மேல். இதை எந்தக் கட்சிக்காரரும் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை.

இலக்கத் தகட்டைப் பார்த்தாலே தலைமுறை பெரும்பாலும் பிடிபடும். இரண்டாவது வந்த காலத்தில் மோட்டார் சைக்கிள் தகடுகள் ‘பி’யில் தொடங்கும் மூன்றெழுத்துக்கு மாறியிருந்தன, முதலாவதில் பெரும்பாலானவை இரண்டெழுத்து. புத்தகத்தில் உரிமையாளர் பெயர் விற்கிறவருடையதா, லீசிங் கட்டி முடிந்ததா, சட்டத்தில் அடித்த இலக்கம் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ‘ஒப்பின் பேப்பர்’ என்று கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவத்தை நீட்டினால், விலை எவ்வளவு குறைந்தாலும் எழும்பி வந்துவிடுங்கள். முன் உரிமையாளர் ரொறொன்ரோவில் இருந்தால் பெயர் மாற்றத்துக்கு அவர் கையெழுத்தைத் தேடி அலைவது உங்கள் வேலையாகிவிடும்.

குடும்பக்காரருக்கு இருக்கையும் ஒரு காரணம். பிளந்த இருக்கையின் பின் பாதி உயரம், ஒடுக்கம். சேலையோடு அம்மாவை ஏற்றிக்கொண்டு போகவும், நடுவில் அரிசிச் சாக்கை வைக்கவும் முதல் தலைமுறையின் நீள இருக்கைதான் தோது. இளந்தாரிகளுக்கு இது கண்ணில் படாது, கலியாணம் முடித்தவுடன் படும்.

ஆக, என் தீர்ப்பு தலைமுறையைப் பார்த்து அல்ல, வண்டிக்கும் நல்ல கராஜுக்கும் இடையில் கடல் இருக்கிறதா என்பதைப் பார்த்துத்தான். மண்டைதீவு, வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவு எல்லாம் தாம்போதியால் நகரத்தோடு ஒட்டியவை. காரைநகருக்கும் பொன்னாலைத் தாம்போதி இருக்கிறது. ஊர்காவற்றுறையிலிருந்து ‘பாதை’ என்கிற மிதவைப் படகில் ஏற்றியும் கடக்கலாம். அங்கே இருப்பவர் தினமும் நகரத்துக்கு ஓடுகிறவரானால் வேர்ஷன் ரூவை எடுக்கலாம், உப்புச் சோதனையில் தேறினால். நயினாதீவுக்காரர் வண்டியைக் குறிகட்டுவானில் விட்டுப் படகேறுகிறவர். துறையடியில் வெயிலும் உப்பும் குடித்து நிற்கப்போகிற வண்டிக்குப் பேஸரே அதிகம். ஆசை விடவில்லை என்றால் முதல் தலைமுறை.

நெடுந்தீவுக்கு இரண்டுமே வேண்டாம் என்பேன். குறிகட்டுவானிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரக் கடல். தீவின் நீளமே 11 கிலோமீற்றர் அளவில். பவளக்கல் மதில்களுக்கும் குதிரைகளுக்கும் நடுவே தூர ஓட்ட வண்டிக்கு என்ன வேலை? துறையில் நான்கு பேர் சேர்ந்து வண்டியைப் படகுக்குள் தூக்கும்போது சாதாரண வண்டியென்றால் முன் ஷொக்கிலும் பின் கரியரிலும் பிடிப்பார்கள். பேஸரில் கைக்கு முதலில் அகப்படுவது கவசம், அது பிளாஸ்ரிக். அலையில் படகு இறங்குகிற கணத்தில் அது விரியும், பேஸரின் கவசத்துக்கு இப்போது சாமான் தேடுவது வண்டி தேடுவதை விடக் கஷ்டம். இல்லை, எனக்குப் பேஸர்தான் வேண்டும் என்று நிற்கிற நெடுந்தீவு இளந்தாரிக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது: காபரேட்டர் வண்டியாக எடுங்கள், கரையிலேயே கவசத்தைக் கழற்றித் தனியாகக் கட்டி ஏற்றுங்கள், கழற்றிய ஆணிகளை எண்ணிப் பொக்கற்றுக்குள் போடுங்கள். ஒன்று குறைந்தாலும் அடுத்த படகில் திரும்பி வரவேண்டியவர் நீங்கள்தான்.