நினைவை மீட்ட வானொலி

கொடுங்கோல் ஆட்சி மக்களின் உரிமையை மட்டுமன்றி, நினைவையும் பறிக்கின்றது. நிறவெறி ஆட்சியில் தென்னாப்பிரிக்க வானொலி ஆள்வோரின் குரலாகவே விளங்கிற்று. 1977-இல் ஸ்டீவ் பிக்கோ காவலில் மாண்டபோது, உண்ணாவிரதத்திற்குப் பின் இறந்தார் என்றார் அமைச்சர். பிணப் பரிசோதனையோ தலைக்காயத்தைக் காட்டிற்று.

1994-இல் மக்களாட்சி மலர்ந்தது. 1996 ஏப்ரலில், பேராயர் டெஸ்மண்ட் டூட்டுவின் தலைமையில் உண்மை, நல்லிணக்க ஆணைக்குழு ஈஸ்ட் லண்டன் நகரில் விசாரணையைத் தொடங்கிற்று. துன்புற்றோர் தத்தம் தாய்மொழியில் சாட்சி பகர்ந்தனர். முன்பு மறைத்த அதே வானொலி, எழுத்தறியாதார் இல்லங்களுக்கும் அச்சாட்சியத்தைக் கொண்டு சென்றது.

இங்கு மொழிபெயர்ப்பாளரின் நிலையை நேயர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மகனை இழந்த தாய் ‘என் மகன்’ என்றால், அவரும் அக்கணமே ‘என் மகன்’ என்றே கூறவேண்டும். ‘அவள் மகன்’ என விலகி நிற்க இயலாது. அத்துயரைச் சுமந்து மனம் நொந்தோர் உண்டு.

ஆணைக்குழு எல்லார்க்கும் நீதி வழங்கிவிடவில்லை. குற்றத்தை முழுமையாக ஒப்புக்கொண்ட பலர் தண்டனையின்றி மன்னிக்கப்பட்டனர். எனினும், ‘எமக்கு ஒன்றும் தெரியாது’ என்று சொல்லும் வாய்ப்பு எவருக்கும் இல்லாதொழிந்தது. ஏனெனில், நாடே கேட்டுவிட்டது.