முதலிடத்திலிருந்து மௌனத்துக்கு

போர் வீரனுக்காக அழுத பாட்டு, போர் வீரர்களின் பெயராலேயே வானொலியிலிருந்து இறக்கப்பட்டது. டிக்ஸி சிக்ஸ் குழு மன்னிப்பைத் திரும்பப் பெற்றுப் பதில் சொன்னது இன்னொரு பாட்டால்.

பாட்டில் அரசியலே கிடையாது. சீருடையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் 18 வயதுப் பையன், ஓட்டலில் பரிமாறும் பெண்ணிடம் பேச்சுக் கொடுக்கிறான். கடிதம் எழுத அவனுக்கு வேறு யாருமில்லை. முகாமிலிருந்தும், பிறகு வியட்நாமிலிருந்தும் அவளுக்குக் கடிதங்கள் வருகின்றன. ஒரு நாள் நின்றுபோகின்றன. ஊர்க் கால்பந்துப் போட்டிக்கு முன் போரில் இறந்தவர்களின் பெயர்களை வாசிக்கிறார்கள். அவன் பெயரைக் கேட்டு அழுவதற்கு அத்தனை பெரிய கூட்டத்தில் அவள் ஒருத்திதான் இருக்கிறாள்.

புரூஸ் ராபிசன் எழுதி, டிக்ஸி சிக்ஸ் பாடிய 'டிராவலின் சோல்ஜர்' என்ற இந்தப் பாட்டு, 2003 மார்ச்சில் பில்போர்டு பத்திரிகையின் கன்ட்ரி பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தது. அமெரிக்கா இன்னொரு போருக்குத் தயாராகிக்கொண்டிருந்த நேரம். வீரர்களின் குடும்பங்களைத் தொடுவதற்கு இதைவிடப் பொருத்தமான பாட்டு கிடையாது. ஆனால் சில வாரங்களில் அது பட்டியலிலேயே இல்லை.

காரணம், பாட்டுக்கு வெளியே சொல்லப்பட்ட ஒரு வாக்கியம். மார்ச் 10 அன்று லண்டனின் ஷெப்பர்ட்ஸ் புஷ் எம்பயர் அரங்கில் பாடிக்கொண்டிருந்த நேட்டலி மெயின்ஸ், தங்களுக்கு இந்தப் போரில் உடன்பாடில்லை என்றார். அமெரிக்க ஜனாதிபதி தங்கள் டெக்சாஸ் மாநிலத்துக்காரர் என்பதற்காக வெட்கப்படுவதாகவும் சொன்னார். அரங்கில் கைதட்டல். ஒரு பிரிட்டிஷ் நாளிதழின் விமர்சனத்தில் இடம்பெற்ற அந்த வாக்கியம் அட்லாண்டிக்கைக் கடந்தபோது நிலைமை தலைகீழானது. பத்தே நாளில் இராக் மீது படையெடுப்பு தொடங்கியது.

செல்லப் பிள்ளைகள்

கிடார், ஃபிடில், பான்ஜோவின் துணையோடு சாமானியர்களின் குடும்பம், காதல், உழைப்பு, கடவுள், தேசம் ஆகியவற்றைப் பாடும் கன்ட்ரி இசை, அமெரிக்கத் தென்மாநில மக்களின் அடையாளம். அதன் செல்லப் பிள்ளைகளாக இருந்தவர்கள்தான் டிக்ஸி சிக்ஸ். மார்ட்டி, எமிலி என்ற சகோதரிகள் மேலும் இருவருடன் சேர்ந்து 1989ல் டாலஸ் நகரில் தொடங்கிய குழு இது. 1995ல் நேட்டலி வந்து சேர்ந்த பிறகு வளர்ச்சி அசுர வேகம். 'வைட் ஓப்பன் ஸ்பேசஸ்' (1998), 'ஃப்ளை' (1999) ஆகிய இரு ஆல்பங்களும் அமெரிக்காவில் தலா ஒரு கோடியைத் தாண்டின. 2003 ஜனவரியில், நாடே பார்க்கும் சூப்பர் பவுல் போட்டியில் தேசிய கீதம் பாட அழைக்கப்பட்டவர்களும் இவர்களே.

மார்ச் மாதத்தில் அதே பெண்கள் துரோகிகள் ஆனார்கள். வானொலி நிலையங்களில் தொலைபேசி மணி ஓயவில்லை. லூசியானாவில் அவர்களின் இசைத்தட்டுகளைக் குவித்து அவற்றின் மீது டிராக்டரை ஓட்டினார்கள். ஜனாதிபதி பதவியை அவமதித்ததற்காக நேட்டலி மன்னிப்புக் கேட்டார், பலனில்லை. கொலராடோவில் தடையை மீறி அவர்கள் பாட்டை ஒலிபரப்பிய இரு அறிவிப்பாளர்கள் தற்காலிக வேலை நீக்கம் செய்யப்பட்டார்கள். ஜூலை மாதம் சொந்த ஊரான டாலஸில் பாட வந்தபோது கொலை மிரட்டல். போலீஸ் பாதுகாப்புடன் மேடையேறினார்கள்.

பாட்டை நிறுத்தியது யார்? 42 கன்ட்ரி நிலையங்களை வைத்திருந்த கியூமுலஸ் நிறுவனம், தலைமையகத்திலிருந்தே உத்தரவு போட்டு அவர்கள் பாட்டுகளை 30 நாட்கள் நிறுத்தியது. ஒரு நிறுவனம் நாடெங்கும் எத்தனை நிலையங்கள் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்று 1996ல் வந்த சட்டம் வழிவிட்டிருந்தது. ஜூலையில் செனட் குழு விசாரித்தபோது தலைவர் ஜான் மெக்கெய்ன் கியூமுலஸ் அதிபரைக் கடிந்துகொண்டார். மெக்கெய்ன் போரை ஆதரித்தவர். நேட்டலியின் பேச்சு அவருக்கும் பிடிக்கவில்லை. ஆனால் கருத்துக்காக ஒரு பாட்டை நிறுத்துவது அதைவிட மோசம் என்பது அவர் வாதம்.

எல்லாப் பழியையும் முதலாளிகள் மேல் போட்டுவிடவும் முடியாது. இந்த விவகாரத்தை ஆராய்ந்த சமூகவியலாளர் கேப்ரியல் ராஸ்மன், பெரிய நிறுவனங்களைவிட உள்ளூர் நேயர்களின் கோபமே முக்கியக் காரணம் என்று 2004ல் எழுதினார். சங்கடமான முடிவு இது. முதலாளியின் உத்தரவை நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்கலாம். ரசிகரின் கோபத்தை எங்கே கேட்பது? வேறு பாடகர்களும் போரை எதிர்த்துப் பேசினார்கள். அவர்களுக்கு இந்த கதி நேரவில்லை. டிக்ஸி சிக்ஸ் மேல் விழுந்த அடி பலமாக இருந்ததற்குக் காரணம், அவர்கள் 'நம்ம வீட்டுப் பெண்கள்' என்று கருதப்பட்டதுதான். வீட்டுப் பெண் வெளியூர் மேடையில் வீட்டைக் குறை சொல்லிவிட்டாள் என்பதே குற்றச்சாட்டு.

இந்த வீட்டின் பெரியவர்களில் ஒருவர் மட்டும் வேறு மாதிரி பேசினார். வியட்நாம் போர்க் காலத்தில் தேசபக்தர்களின் கீதமாகிவிட்ட 'ஓக்கி ஃப்ரம் மஸ்கோகி' பாடிய மெர்ல் ஹேகர்ட், அந்தப் பெண்களுக்கு நடந்தது சூனியக்காரி வேட்டை என்று கண்டித்தார்.

15 விநாடி

மே 1 அன்று தென் கரோலினாவின் கிரீன்வில் நகரில் அமெரிக்கச் சுற்றுப்பயணம் தொடங்கியது. கூச்சல் போட விரும்புகிறவர்களுக்கு 15 விநாடி தருகிறேன் என்றார் நேட்டலி. எழுந்தது ஆரவாரம். டிக்கெட் வாங்கி வந்த ரசிகர் ஒரு பக்கம், நிலையத்துக்குப் போன் செய்த நேயர் மறுபக்கம் என்று கூட்டம் பிரிந்துவிட்டது.

மூன்றாண்டு கழித்து வந்தது பதில். 2006 மார்ச்சில் வெளியான 'நாட் ரெடி டு மேக் நைஸ்', சமாதானத்துக்கு இன்னும் தயாரில்லை என்று அறிவிக்கும் பாட்டு. மூவரும் டேன் வில்சனுடன் சேர்ந்து எழுதியது. வாயை மூடிக்கொண்டு பாடு, இல்லையேல் உயிர் போகும் என்று வந்த கடிதமும் அதில் இடம்பெற்றது. பழைய மன்னிப்பையும் நேட்டலி அந்த ஆண்டில் திரும்பப் பெற்றுக்கொண்டார். கன்ட்ரி வானொலி கதவைத் திறக்கவில்லை; பட்டியலில் 36வது இடத்தோடு பாட்டு நின்றுவிட்டது. தென்மாநிலங்களில் டிக்கெட் விற்காமல் சில நிகழ்ச்சிகள் ரத்தாயின. ஆனால் அந்தப் பாட்டு இடம்பெற்ற 'டேக்கிங் த லாங் வே' ஆல்பம் முதல் வாரத்திலேயே ஐந்து லட்சத்துக்கு மேல் விற்றது. 2007 பிப்ரவரியில் கிராமி விருதுகள் ஐந்து. அவற்றில் மூன்று இந்த ஒரே பாட்டுக்கு. விருதுக்குப் பின் பொதுப் பட்டியலில் பாட்டு நான்காம் இடத்துக்கு ஏறியது.

இதற்கிடையே 2004லேயே, இராக்கில் பேரழிவு ஆயுதக் குவியல் எதுவும் இல்லை என்று அமெரிக்க அரசு அனுப்பிய ஆய்வுக் குழுவே சொல்லிவிட்டது. 2020 ஜூனில், அடிமைமுறைக் காலத் தென்மாநிலங்களை நினைவூட்டும் 'டிக்ஸி' என்ற சொல்லைக் குழு தன் பெயரிலிருந்து நீக்கியது. இப்போது அவர்கள் 'தி சிக்ஸ்'. கருத்தில் ஊர் அவர்கள் பக்கம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. வானொலியில் பழைய இடம் மட்டும் திரும்பக் கிடைக்கவில்லை.