குப்பைத் தொட்டிகளுக்கு ஒரு மரத்தாங்கி

சங்க ஆய்வுக்குச் செல்லும் இடங்களிலெல்லாம் நூற்கிடங்கைத் திறந்து பார்ப்பது எமது வழக்கம். ஓர் ஐப்பசி மழையின்போது மதுரைக்கு அருகிலுள்ள ஒரு நெசவாளர் சங்கத்தில் கண்ட காட்சி இன்னும் நினைவில் நிற்கிறது. கிடங்குச் சுவரை ஒட்டி, ஈரத் தரையிலேயே, நான்கு குப்பை மூட்டைகள் கிடந்தன. தேயிலைச் சக்கை, எச்சில் இலை, கழிவு நூல், சாயப் பொட்டலத்தின் உறை யாவும் ஒன்றாய்க் கலந்திருந்தன. மூட்டைகளுக்குப் பின்னால் ஓர் எலிவளை. அதன் மறுவாய் கிடங்கினுள்ளே! எலி கடித்த சிட்டங்களைக் கணக்கில் நட்டமாகக் கழிக்க நேர்ந்தது. அந்த நட்டம் அங்கத்தினர் அனைவருக்கும் உரியதன்றோ?

இதைத் தடுக்கப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. மூன்று தொட்டிகளும், அவற்றைத் தாங்க ஒரு மரத்தாங்கியும் போதும்.

2016ஆம் ஆண்டில் வெளியான திடக்கழிவு மேலாண்மை விதிகள், குப்பையை உண்டாகும் இடத்திலேயே பிரிக்க வேண்டுமென வகுத்தன. பிரிப்பதனால் நமக்கே ஆதாயம் உண்டு. சுத்தமான கழிவு நூல் இயந்திரம் துடைக்கவும் மெத்தை அடைக்கவும் விலை போகும். ஈரக் குப்பையில் கலந்துவிட்டால் எவரும் வாங்கார். மட்கும் குப்பை, பயிரிடும் அங்கத்தினரின் மல்லிகைத் தோட்டத்திற்கு எருவாகும். சாயம் கலந்தால் அதுவும் கெடும். ஆகவே மட்கும் குப்பைக்கு ஒன்று, கழிவு நூலுக்கு ஒன்று, சாய உறை, பழுதான விளக்கு போன்றவற்றிற்கு ஒன்று எனத் தொட்டிகள் மூன்று வேண்டும்.

இனி, தாங்கி செய்யும் முறையைக் காண்போம். ஒன்றேகால் அடி விட்டமுள்ள மூன்று தொட்டிகளுக்கு ஐந்தடி நீளம் தாராளமாகும். மூன்றங்குலச் சதுரக் கால்கள் ஆறு வேண்டும். முன்கால்கள் மூன்றும் ஓரடி உயரம், பின்கால்கள் மூன்றும் மூன்றடி உயரம். பயன்படாமற் கிடக்கும் பழைய தறிச்சட்டங்கள் இதற்கு மிகவும் ஏற்றவை. மற்றவற்றிற்கு உலர்ந்த வேப்பமரம் நன்று.

முதலில் ஒரு முன்காலையும் ஒரு பின்காலையும் 21 அங்குலக் குறுக்குச்சட்டம் ஒன்றால் இணைக்க வேண்டும். சட்டத்தின் மேல்விளிம்பு தரையிலிருந்து சரியாக ஓரடி உயரத்தில் அமைக. தமரால் துளையிட்டபின், மூட்டுக்கு இரண்டு திருகாணி முடுக்குக. துளையிடாது அடித்தால் மரம் பிளக்கும். இவ்வாறு மூன்று இணைப்புகள் செய்து, இரு முனைகளிலும் நடுவிலும் நிறுத்துக.

அவற்றின்மேல், பின்கால்களுக்கு முன்பாக, மூன்றங்குல அகலமும் ஓரங்குலக் கனமும் ஐந்தடி நீளமும் உள்ள பலகைகள் ஐந்தை முக்கால் அங்குல இடைவெளி விட்டுப் பரப்புக. மொத்த அகலம் 18 அங்குலமாகும். இடைவெளி வழியே நீர் வடியும், காற்றும் உலவும். முதற்பலகையையும் கடைசிப் பலகையையும் பொருத்தியவுடன் மூலைக்கு மூலை குறுக்கே அளந்து பார்க்க. இரு அளவும் சமமானால் தாங்கி கோணாது. பின்கால்களின் உச்சியில் ஐந்தடிச் சட்டம் ஒன்றைப் பொருத்துக. நாயும் ஆடும் கவிழ்க்காதபடி தொட்டிகளை அதனோடு கயிற்றால் கட்டலாம். காகிதத்திற்கும் பிளாஸ்டிக் உறைகளுக்கும் ஒரு சாக்கையும் அதில் தொங்கவிடலாம்.

கால்களின் அடிப்பாகத்தில் அரையடி உயரத்திற்குத் தார் பூசி, தட்டைக் கற்களின்மேல் நிறுத்தினால் கரையான் எளிதில் ஏறாது. சுவரிலிருந்து ஒரு முழமாவது தள்ளி, தாழ்வாரத்தின்கீழ் வைப்பது முறை. அடியில் நாள்தோறும் துடைப்பம் செல்ல வேண்டும். ஒளிவிடம் இல்லாத இடத்தில் எலி வளை தோண்டத் துணியாது. ஈரத்தொட்டிக்கு மூடி அவசியம். அதனை அன்றன்றே எருக்குழியில் கொட்டுக. கழிவு நூல் விரைவில் தீப்பற்றும். அருகே பீடியும் அடுப்பும் ஆகா.

உள்ளூர்த் தச்சர் ஒரே நாளில் முடிக்கக்கூடிய வேலை இது. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்திலேயே இதற்கொரு தீர்மானம் நிறைவேற்றுங்கள். கழிவு நூல் விற்ற தொகையைத் தனித் தலைப்பில் வரவு வைத்து வாருங்கள். தாங்கியின் செலவை அது எவ்வளவு விரைவில் ஈடுசெய்கிறது என்பதைக் கணக்கே காட்டும்.